பற்றறி தீர்ந்தாலும் வீடு சேர்க்கும் சைக்கிள்



அண்மைக்காலமாக எம்மைச் சந்திக்கும் குடும்பங்கள் பல ஒரே கேள்வியைக் கேட்கின்றன. "வெளிநாட்டில் இருக்கிற தம்பி காசு அனுப்புகிறேன் என்கிறான். மோட்டார் பூட்டின மவுண்டன் சைக்கிள் ஒன்று வாங்கலாமா? முன்னுக்கும் பின்னுக்கும் லைற்றும் சேர்ந்தே வருகிறதாம். எது நல்லது?" இந்த இதழின் பாடத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

கேட்பவர்கள் பெரும்பாலும் தீவகத்துக் கமக்காரர். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். காணி தீவில் இருக்கிறது. குடும்பமோ யாழ்ப்பாண நகர்ப்புறத்தில், உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ தகரக் கொட்டிலிலோ இருக்கிறது. காணியில் இராத் தங்க வீடில்லை. காலையில் போய் வேலைசெய்து இருட்டுமுன் திரும்ப வேண்டும். பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். இப்படி நாலு நாள் அலைந்த பிறகு, "காணி கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். பற்றை வளர்கிறது, வேலி விழுகிறது, எல்லைக்கல் மறைகிறது. ஆகவே எமக்கு இது ஒரு சைக்கிளைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல. காணிக்கும் குடும்பத்துக்கும் இடையிலுள்ள வழி திறந்திருக்குமா என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

நாம் ஏற்கனவே கற்ற பாடம்

சைக்கிளைப் பற்றி எமது மக்களுக்குப் பிறர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழித்தோம். ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த ஆண்டுகளில் நோயாளியைக் கொண்டுசென்றது, விறகு சுமந்தது, நெல்மூட்டை ஏற்றியது எல்லாம் சைக்கிள்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கமாக நடந்தபோதும் கையிலிருந்த சைக்கிளில்தான் வீட்டுச் சாமான் தொங்கியது.

2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், பிறகு கியூஆர் அட்டைக்கு அளவாக எண்ணெய் தந்தபோதும், மூலையில் கிடந்த சைக்கிளை மறுபடி வெளியில் எடுத்தோம்.

இந்த அனுபவம் சொல்வது ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் எதுவும் ஒருநாள் நிற்கலாம். அது நின்ற அன்றும் எம்மை வீடு சேர்க்கக்கூடிய வண்டியே எமக்கு ஏற்ற வண்டி. மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகளை முன்வைப்போம்.

1. பற்றறி தீர்ந்தால் இதை மிதித்துக்கொண்டு வீடு வரலாமா?
2. பற்றறி தீர்ந்தால் வெளிச்சம் இருக்குமா?
3. இதைத் தூக்கலாமா, எமது ஊரிலே திருத்தலாமா?

மூன்றுக்கும் "ஆம்" என்ற பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.

எமது ஊரில் மலை எது?

மவுண்டன் சைக்கிள் மலைப்பாதைக்காகச் செய்யப்பட்டது. தடித்த முள்ளு ரயர், அதிர்வு தாங்கும் ஸ்பிறிங் வைத்த முன் போக், பல கியர், டிஸ்க் பிறேக் ஆகியவை அதன் அடையாளங்கள். தீவகத்தில் மலை கிடையாது. பண்ணைத் தாம்போதியில் ஏறியதிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரை மட்டமாகவே இருக்கிறது. ஆயினும் எமக்கும் ஒரு மலை உண்டு. அதுதான் காற்று. இருபக்கமும் கடலாக உள்ள தாம்போதியில் எதிர்க்காற்றில் மிதித்தவருக்கு அது விளங்கும்.

காற்றின் கணக்கு எளியது. எம்மீது மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். காற்றில்லாத நாளில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஓடுகிறோம் என வைப்போம். அதே வேகத்தில் எதிர்க்காற்றும் வீசினால் எம்மீது மோதுவது 36 கி.மீ. வேகக் காற்று. அதை வெல்ல நான்கு மடங்கு தள்ளுதல் வேண்டும். எனவே எமக்கு மோட்டார் உதவ வேண்டிய இடம் ஏற்றமல்ல, எதிர்க்காற்றே.

இப்படிப் பார்த்தால் மவுண்டன் சைக்கிளின் எந்த உறுப்பு எமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பது தெளிவாகிறது.

ரயர்: ஓரளவு அகலமான ரயர் நல்லது. கிறவல் ஒழுங்கையிலும் மணலிலும் அது புதையாது. ஆனால் முள்ளு உயர்ந்த ரயர் தார் வீதியில் இழுத்துப்பிடித்துப் பற்றறியைத் தின்னும். நடுப்பகுதி வழுவழுப்பான, 26 அங்குல, ஏறக்குறைய 2 அங்குல அகலமுள்ள ரயர் போதும். 27.5, 29 அங்குல ரயரும் ரியூப்பும் வேண்டிய நேரத்தில் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முன் போக்: மலிவான ஸ்பிறிங் போக் கனமானது. உப்புக்காற்றில் இறுகிப்போனால் வெறும் பாரமாகிவிடும். ஸ்பிறிங் இல்லாத சாதாரண போக்கே எமக்கு நல்லது.

பிறேக்: மோட்டார் பூட்டிய வண்டி பாரமானது, வேகமானது. ஆகவே பிறேக் உறுதியாயிருக்க வேண்டும். கம்பியால் இயங்கும் பிறேக்கை எந்தச் சைக்கிள் கடையிலும் இறுக்கலாம். எண்ணெயால் இயங்கும் பிறேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எண்ணெய் கசிந்தால் ஊரில் திருத்துவது கடினம்.

கரியர்: பெரும்பாலான மவுண்டன் சைக்கிள்களில் கரியரும் மட்காட்டும் இல்லை. கமக்காரனுக்குக் கரியர் இல்லாத சைக்கிள் பிடியில்லாத மண்வெட்டி போன்றது. பூட்டுவதற்கு இடம் உண்டா, எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள்.

பார்: குடும்பப் பொறுப்பை ஏற்ற பெண்கள் பலர் இப்பாடத்தை வாசிக்கிறீர்கள். உயர்ந்த பார் உள்ள சைக்கிளில் சேலையுடனோ பாவாடையுடனோ சுமையுடனோ ஏறி இறங்குவது ஆபத்து. பார் தாழ்ந்த வண்டியைத் தெரிவு செய்யுங்கள். சீற்றில் இருந்தபடி காலின் முன்பாதமாவது நிலத்தில் படவேண்டும்.

பற்றறிக் கணக்கு

விற்பவர் "ஒருமுறை சார்ஜ் பண்ணினால் 60 கி.மீ. ஓடும்" என்பார். அது மட்டமான வீதியில், காற்றில்லாத நாளில், மெலிந்த ஒருவர் சுமையில்லாமல் மிதித்து ஓடிய கணக்கு. எமது கணக்கை நாமே போடுவோம்.

பற்றறியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ற், மற்றது அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் வருவது வாற் மணி. 36 வோல்ற், 10 அம்பியர் மணி என்றால் 360 வாற் மணி. இதுதான் எமது எண்ணெய்த் தாங்கி.

நாமும் மிதித்து மோட்டாரும் உதவும்போது, சாதாரண நாளில் ஒரு கி.மீ. இற்கு ஏறக்குறைய 10 வாற் மணி செலவாகும். காற்று முதுகில் வீசினால் 8 போதும். எதிர்க்காற்றில் சுமையுடன் வந்தால் 15 ஆகலாம். மிதிக்காமல் கைப்பிடியை முறுக்கி மோட்டாரை மட்டும் நம்பினால் இதைவிடவும் கூடும்.

நகர்ப்புறத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் காணி 25 கி.மீ. தூரத்தில் புங்குடுதீவுப் பக்கம் இருக்கிறது என வைப்போம். காலபோக நெல் முற்றி அறுவடையாகும் காலம் வாடைக்காற்றுக் காலம். வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தீவை நோக்கி, அதாவது தென்மேற்காகப் போகும்போது அது முதுகைத் தள்ளும். பின்னேரம் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மாரியில் 6 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அதாவது உடம்பு களைத்து, சுமை ஏறி, இருள் சூழ்ந்து, காற்று எதிர்க்கும் அந்த நேரத்தில்தான் பற்றறியும் குறைந்திருக்கும்.

கணக்கு இது: போகும்போது 25 x 8 = 200 வாற் மணி. மிச்சம் 160. வரும்போது வேண்டியது 25 x 15 = 375. மிச்சமுள்ள 160 இல் ஏறக்குறைய 10 கி.மீ. தான் வரலாம். வேலணைப் பக்கத்தில் மோட்டார் நின்றுவிடும். இன்னும் 15 கி.மீ. வழி இருக்கிறது, அதில் பண்ணைத் தாம்போதியும் அடங்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெரிய பற்றறி. 36 வோல்ற், 14 அம்பியர் மணி என்றால் ஏறக்குறைய 500 வாற் மணி. அதற்கு விலையும் பாரமும் கூட. மற்ற வழிக்குக் காசு வேண்டாம். காலையில் காற்று முதுகில் இருக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு மிதியுங்கள். 360 வாற் மணியும் பின்னேரத்துக்கு அப்படியே இருக்கும். 15 ஆல் பிரித்தால் 24 கி.மீ. வருகிறது. ஏறக்குறைய வீட்டுப் படலை வரைக்கும் போதும்.

போகும்போது காற்றுத் தள்ளட்டும். வரும்போது பற்றறி தள்ளட்டும். வாடைக்காலத்துக்கு இதை மனனம் செய்யுங்கள். சோளகக் காலத்தில், மே தொடக்கம் செப்ரெம்பர் வரை, காற்று தென்மேற்கிலிருந்து வீசுவதால் கணக்கு மாறும். அப்போது காலையில் மோட்டாரின் உதவி தேவை, பின்னேரம் காற்று உதவும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பற்றறி கிழமாகும். சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு முக்கால்வாசிக்கு இறங்கிவிடலாம். 360 அப்போது 270 ஆகும். எதிர்க்காற்றில் 18 கி.மீ. தான். அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்திப் பக்கத்திலிருந்து சொந்தக் காலால் மிதிக்க வேண்டிவரும். ஆகவேதான் முதலாவது கேள்வி முக்கியம். கடையில் பற்றறியை நிறுத்திவிட்டு அரை கி.மீ. ஓடிப்பாருங்கள். சில மோட்டார்கள் நின்றபின் சில்லைப் பிடித்து இழுக்கும். சில தடையின்றிச் சுழலவிடும். இரண்டாவது வகையே எமக்கு ஏற்றது.

எந்தப் பற்றறி, எந்த மோட்டார்?

ஈயப் பற்றறி மலிவு. ஆனால் 36 வோல்ற்றுக்கு 12 அம்பியர் மணிப் பெட்டிகள் மூன்று வேண்டும். மூன்றும் சேர்ந்து 12 கிலோ அளவில் வரும். அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் விரைவில் பழுதாகும். லிதியம் பற்றறி அதே வேலைக்கு 3 கிலோ அளவில் முடிந்துவிடும். கூடுதல் காலம் உழைக்கும். விலை கூடினாலும் தீவகப் பயணத்துக்கு லிதியமே பொருத்தம். பற்றறி திறப்புப் போட்டுக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

மோட்டார் சில்லின் நடுவில் உள்ள குடத்துக்குள் இருக்கலாம், அல்லது பெடல் அச்சில் இருக்கலாம். பெடல் அச்சு மோட்டார் மலை ஏறச் சிறந்தது. ஆனால் அதற்குத் தனிக் கருவியும் அந்தக் கம்பனியின் உதிரிப்பாகமும் வேண்டும். சில்லுக்குள் உள்ள மோட்டார் பழுதானால் அந்தச் சில்லைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சில்லைப் பூட்டி ஓடலாம். தரைமட்டமான எமது ஊருக்கு 250 வாற் மோட்டார் போதும். ஐரோப்பிய நாடுகளில் 250 வாற்றுக்கு மேற்படாத, மணிக்கு 25 கி.மீ. வரை மட்டும் உதவுகின்ற, மிதித்தால் மாத்திரம் இயங்கும் வண்டியையே சைக்கிளாகக் கணிக்கிறார்கள். அதைவிடப் பெரிய மோட்டாரோ முறுக்குப்பிடியோ உள்ள வண்டியை வாங்குமுன், அதற்குப் பதிவும் இலக்கத்தகடும் வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவரின் வாய்ச்சொல் வீதிச் சோதனையில் உதவாது.

வீட்டில் நல்ல லுமாலாவோ பழைய றலியோ இருந்தால், அதற்கே மோட்டார்ச் சில்லும் பற்றறியும் பூட்டும் வழியும் உண்டு. செலவு குறையும், உதிரிப்பாகமும் பழக்கமானது. ஆனால் போக்கின் நுனி தேய்ந்திருந்தால் மோட்டாரின் முறுக்கத்தில் அச்சு கழன்று சில்லு வெளியேறலாம். அச்சைப் பிடித்திருக்கும் முறுக்குத் தாங்கித் தகடு இல்லாமல் பூட்ட விடாதீர்கள். பிறேக்கையும் அதே நாளில் புதுப்பியுங்கள்.

வெளிச்சம்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சேர்ந்தே வரும் லைற் வசதியானது. களவு போகாது, வீட்டில் மறந்துவிட்டும் வரமுடியாது. அது பற்றறியைத் தின்னுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். முன் லைற் 3 வாற், பின் லைற் அரை வாற் என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு 7 வாற் மணிதான். அது ஒரு கி.மீ. ஓடும் செலவுக்கும் குறைவு. ஆகவே பற்றறியை மிச்சம்பிடிக்க லைற்றை நிறுத்துவது வீண்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பற்றறி அடிமட்டத்துக்கு வந்ததும் அதனுள் இருக்கும் காவற்சுற்று மின்சாரத்தை முற்றாக வெட்டிவிடும். அப்போது மோட்டாரோடு லைற்றும் அணையும். நாங்களும் ஒருமுறை இரவல் வாங்கிய வண்டியில் தாம்போதி நடுவே இப்படி நின்றோம். மோட்டார் நின்றது பெரிதல்ல. முன்னால் வந்த வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, தார் விளிம்பு எது, கடல் எது என்று தெரியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தோம். பின்னால் வந்தவருக்கு நாங்கள் தெரிந்திருக்கவும் மாட்டோம்.

ஜேர்மனியின் வீதிச் சட்டம் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. பற்றறி இறங்கி மோட்டார் நின்ற பிறகும், லைற் குறைந்தது 2 மணித்தியாலம் எரிவதற்கு மின்சாரம் மிச்சமிருக்க வேண்டும். எமது கடையிலும் அதையே கேட்போம். "மோட்டார் நின்ற பிறகு லைற் எரியுமா?" முடியுமானால் பற்றறி முற்றாக இறங்கிய வண்டியிலே காட்டச் சொல்லுங்கள்.

பதில் எதுவாக இருந்தாலும், அந்தப் பற்றறியை நம்பாத இன்னொரு வெளிச்சம் வண்டியில் இருக்கட்டும். பழைய 6 வோல்ற் டைனமோவைக் கழற்றி எறியாதீர்கள். மிதிக்கும்வரை அது எரியும். நின்றால் அணையும் என்பதால் பின்னுக்குச் சிவப்பு ஒளித்தெறிப்பியும் வேண்டும். இல்லாவிடில் தனியாக சார்ஜ் பண்ணும் ஒரு ரோச் லைற்றைக் ஹாண்டிலில் கட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது லைற்றை இருட்டில் பாருங்கள். முன் வெளிச்சம் பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் வீதியில் விழவேண்டும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக்கூடாது. வீதியில் படுத்திருக்கும் மாட்டை நேரத்தோடு காட்ட வேண்டும். மூட்டை ஏற்றினால் பின் லைற் மறைகிறதா என்றும் பாருங்கள். மறைத்தால் அதைக் கீழே மட்காட்டுக்கு மாற்றுங்கள்.

படகும் உப்பும்

நெடுந்தீவு, நயினாதீவு வாசகர்களுக்கு மூன்றாவது கேள்வியே முதலாவது. குறிகட்டுவானில் சைக்கிளைப் படகில் தூக்கி ஏற்ற வேண்டும். அங்கே இறக்கவும் வேண்டும். மோட்டார் பூட்டிய மவுண்டன் சைக்கிள் 22 தொடக்கம் 28 கிலோ வரை இருக்கும். அலை அடிக்கும் படகில் அதை ஒருவர் தூக்குவது இடுப்புக்கு ஆபத்து. பற்றறியைக் கழற்றித் தனிப்பையில் தோளில் போட்டுக்கொண்டு, இருவராக வண்டியைத் தூக்குங்கள். வாங்குமுன் கடையிலே தூக்கிப்பாருங்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் பாதையில் ஏறுவோருக்கு உருட்டிச் செல்லலாம் என்பதால் அவ்வளவு சிரமமில்லை.

படகில் பற்றறியைக் கடல்நீர் தெறிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மழைத்துளி தாங்கும் பற்றறி கடல்நீரில் நனைவதைத் தாங்காது. தாம்போதியால் வந்த அன்றிரவே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வண்டி முழுவதையும் துடையுங்கள். தீவில் நன்னீரின் அருமை தெரியும். இதற்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். குழாயால் பீச்சியடிக்க வேண்டாம். மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்காமல், உலர்ந்த பின் மெல்லியதாக வசிலின் பூசுங்கள். செயினுக்குக் கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.

சார்ஜ் பண்ணுதல்

360 வாற் மணிப் பற்றறியை முழுதாக நிரப்ப அரை அலகு மின்சாரம் அளவில் செலவாகும். உங்கள் மின் பட்டியலில் ஒரு அலகின் விலையைப் பார்த்து அதில் பாதியை எடுத்தால், ஒரு நாள் பயணச் செலவு தெரியும். அதைப் பஸ் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியையே நம்பியிருந்தன. இம்மூன்று தீவுகளுக்கும் சூரியஒளி, காற்று, சேமிப்புப் பற்றறி, டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்க, இந்திய நிதியுதவியுடனான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. மின்சாரம் எட்டாத காணியில் 100 வாற் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் 400 வாற் மணி அளவில் தரும். மாற்றும்போது ஏற்படும் இழப்புப் போக, ஒரு பற்றறியைப் பெரும்பகுதி நிரப்பலாம். பல குடும்பங்கள் சேர்ந்து இதைச் செய்யலாம்.

பாதுகாப்பு விதிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்:

- வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள்.
- நித்திரையான பிறகு சார்ஜ் பண்ண வேண்டாம். விழித்திருக்கும்போது பண்ணுங்கள்.
- கிடுகுக் கூரையின் கீழ், பாய் தலையணைக்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய்க் கானுக்குப் பக்கத்தில், வாசலை மறித்து வைத்து சார்ஜ் பண்ண வேண்டாம்.
- உச்சி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் பற்றறியைப் பூட்டி வைக்காதீர்கள். சூடு அதன் ஆயுளைக் குறைக்கும்.
- பல நாள் ஓடாவிட்டால் அரைவாசி நிரப்பி நிழலில் வையுங்கள்.
- வீங்கிய, விழுந்து நெளிந்த, மணம் வருகின்ற பற்றறியைத் தொடர்ந்து பாவிக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருட்களுக்கு அப்பால் வையுங்கள். திறந்து பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு உதவியும் கடனும்

சுவிசிலோ கனடாவிலோ உள்ள உறவினர் "இங்கேயே வாங்கிக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லலாம். பயணிகள் விமானத்தில் 160 வாற் மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றறியைப் பயணப் பொதியில் ஏற்ற விடமாட்டார்கள். எமக்கு வேண்டியதோ 360 அல்லது அதற்கு மேல். வண்டி வந்து பற்றறி வராவிட்டால், பாரமான சைக்கிள் ஒன்றுதான் மிஞ்சும். சில கம்பனி வண்டிகள் தமது பற்றறியைத் தவிர வேறெதையும் ஏற்கா. கனடாச் சார்ஜராயின், அது 230 வோல்ற்றில் இயங்குமா என்று அதன் அடிப்பக்கத்தில் பார்க்கவேண்டும். எனவே அன்போடு சொல்லுங்கள்: "வண்டி வேண்டாம், காசாக அனுப்புங்கள், திருத்தக்கூடியதை இங்கே வாங்குகிறோம்."

கடன் எடுத்து வாங்க எண்ணுவோர், கிழமைத் தவணை கட்டும் நுண்கடனில் இதை வாங்கவேண்டாம். நெல்லும் வெங்காயமும் கிழமைக்குக் கிழமை காசு தருவதில்லை. பற்றறியை ஒருநாள் மாற்ற வேண்டிவரும் என்பதையும் இன்றே கணக்கில் சேருங்கள். மாதம் மாதம் பஸ்ஸில் மிச்சமாகும் காசில் ஒரு பகுதியை அதற்கென்று தனியாக ஒதுக்குங்கள். கிழமைக்கு ஒருநாள் மட்டும் காணிக்குப் போகும் குடும்பத்துக்கு இவ்வண்டி தேவையில்லை. நல்ல சாதாரணச் சைக்கிளும் டைனமோவும் பஸ்ஸும் போதும். அப்படிச் சொல்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது

இந்தப் பட்டியலை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகாமல், ஊரில் சைக்கிள் திருத்துபவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

1. வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பெருக்கிப் பாருங்கள்.
2. மோட்டாரை நிறுத்தி அரை கி.மீ. மிதியுங்கள்.
3. 20 கிலோ மூட்டையைக் கரியரில் வைத்து ஓடுங்கள், பிறேக்கைப் பிடியுங்கள்.
4. பற்றறியைக் கழற்றி, இருவர் தூக்குங்கள்.
5. பற்றறி தீர்ந்தால் லைற் எரியுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.
6. பின் ரியூப்பைக் கழற்றி ஒட்டுவது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். மோட்டார் வயரைக் கழற்றத் தெரியாவிட்டால் வழியில் பஞ்சர் ஒட்ட முடியாது.
7. மாற்றுப் பற்றறியின் விலையைக் கேளுங்கள்.
8. பற்றறிக்கும் மோட்டாருக்கும் எவ்வளவு காலப் பொறுப்பு என்பதை எழுத்தில், முத்திரையுடன் வாங்குங்கள்.

கூடிக் கலந்துரையாட

சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ கமக்காரர் கூட்டத்திலோ கீழ்வரும் கேள்விகளைப் பேசுங்கள்.

- எமது காணிக்கு ஒரு வழித் தூரம் எத்தனை கி.மீ.? எந்த மாதத்தில் காற்று எப்பக்கம்? ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கைப் போடட்டும்.
- வழியில், வேலணையிலோ புங்குடுதீவிலோ, அவசரத்துக்கு ஒரு மணித்தியாலம் சார்ஜ் பண்ண இடந்தரக்கூடிய உறவினர் வீடுகள் எவை?
- நான்கு குடும்பங்கள் ஒரே வகை வண்டியை வாங்கினால், ஒரு மாற்றுப் பற்றறியைப் பொதுவில் வைத்திருக்கலாமா?
- எமது ஊர் இளைஞர் ஒருவர் இவ்வண்டிகளைத் திருத்தப் பழக நாம் என்ன செய்யலாம்?
- கூட்டமாகத் திரும்பி வந்தால், ஒருவரின் பற்றறி தீர்ந்தாலும் மற்றவரின் வெளிச்சத்தில் எல்லோரும் வரலாமல்லவா?

கடைசிக் கேள்விக்கு எமது பெரியவர்கள் முன்பே விடை கண்டிருக்கிறார்கள். இருண்ட ஆண்டுகளில் ஒருவரின் டைனமோ வெளிச்சத்துக்குப் பின்னால் நாலு சைக்கிள் வந்தது. இனி வாங்கும் வண்டியிலும் அந்த வழக்கம் தொடரட்டும். அடுத்த காலபோகத்தில், இவ்வளவு நாளும் பற்றை மண்டிக் கிடந்த காணிகளில் சிலவாவது உழப்பட்டிருந்தால், இப்பாடம் பயன்பட்டது என்று மகிழ்வோம்.